ஞாயிறு ஆறு மணி, சவ்வரிசிக் குடோன்

சீலநாயக்கன்பட்டியில் இறங்கும்போது
பையின் கழுத்து பஸ் கம்பியில் இடித்து
உள்ளே ஏதோ முனகியது.
"பாத்தும்மா, வீணை உடைஞ்சிரும்" என்றார் கண்டக்டர்.
நான் திருத்தவில்லை.
என் கையில் அது இன்னும் கிதாரும் இல்லை.

குடோன் மாடியில் மூட்டைகள்
கூரை வரைக்கும் ஏறி நிற்கின்றன.
சத்தத்தை அவை தின்றுவிடுமாம்,
அதற்காகவே இந்த இடம் என்றான் ரெஜினால்டு.
வாரத்தில் ஆறு நாள் இங்கே கணக்கு எழுதுகிறான்,
ஏழாம் நாள் பேஸ்.
கறுப்புப் பையில், செருப்பில், என் இமையில்
மாவு மெல்லப் படிந்தது.

"என்னென்ன கார்டு தெரியும்?"
"ஜி, சி, டி. ஈ மைனர் கொஞ்சம்."
"எஃப்?"
"வராது."
"யாருக்குத்தான் வந்துச்சு" என்றாள் கீபோர்டு மும்தாஸ்.
பிளஸ் டூ படிக்கும் நித்திலனுக்கு வந்திருந்தது.
பேச்சுக்கு நடுவிலேயே
நாலு தரம் போட்டுக் காட்டினான்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
பதினோரு வருஷமாக விரல் குத்துகிறேன்.
எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று
சொல்லிச் சொல்லிக் குத்துகிறேன்.
நாற்பத்தொரு வயதில்
என் இடதுகை நுனிகள் நாலும் சொல்கின்றன,
அது எறும்பு இல்லையென்று.

பாட்டு தொடங்கியது.
வீட்டில் நான் கார்டு மாற்றினால் பாட்டு நின்றுவிடும்.
ஒவ்வொரு விரலாக இடம் தேடி உட்காரும்வரை
குக்கர் விசில்கூடக் காத்திருக்கும்.
இங்கே யாரும் காத்திருக்கவில்லை.
டயர் ரீட்ரேடிங் கடை செங்கோடன்
பெட்டிமேல் உட்கார்ந்து பெட்டியையே அடித்தபடி
டவுன் பஸ் மாதிரி போய்க்கொண்டிருந்தான்,
ஓடிவந்து தொற்றினால் உண்டு.

இரண்டு ஸ்டாப்பை விட்டு மூன்றாவதில் ஏறினேன்.
எஃப் வந்தது, இறங்கிவிட்டேன்.
அப்புறம் ஒரு தந்திரம்:
வலதுகை மேலும் கீழும் போகும்
கம்பியைத் தொடாமல்.
பார்ப்பவருக்கு வாசிப்பதாகவே தெரியும்.
மீதி மாலை முழுக்க
அந்தக் காற்றைத்தான் வாசித்தேன்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை.
அப்பாடா.
தாதகாப்பட்டி கேட் தாண்டுவதற்குள்
அந்த அப்பாடாவுக்குள் ஒரு கல்
பல்லில் நறுக்கென்றது:
யாருமேவா கண்டுபிடிக்கவில்லை?

அடுத்த ஞாயிறு போகக்கூடாது என்றிருந்தேன்.
போனேன்.
காகிதத் துண்டில் தட்டுவடை செட்,
விரலெல்லாம் பீட்ரூட் சிவப்பு.
மென்றுகொண்டே, என்னைப் பார்க்காமல்
செங்கோடன் சொன்னான்:
"அக்கா, போன வாரம் உங்க பக்கத்துல
ஒரு குழி இருந்துச்சு.
பாட்டு பூரா அதுலயே எறங்கி எறங்கி ஏறினேன்.
தப்பா அடிச்சாலும் அடிங்க.
கல்லு கெடந்தா ஒடிச்சிட்டுப் போயிருவேன்.
குழிய என்ன பண்ண?"

மூன்றாவது வரியில் எஃப் வந்தது.
ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து அழுத்தினேன்.
மூன்று கம்பி பேசியது, ஒன்று இருமியது,
இரண்டு வாயே திறக்கவில்லை.
நித்திலன் சிரித்தான்.
மும்தாஸ் நிமிரவில்லை.
மூட்டைகள் அதையும் தின்றன.
செங்கோடன்
கொஞ்சம் இடதுபக்கம் ஒடித்து
என் தப்பைச் சுற்றிப் போனான்.
போகும் சத்தம் எனக்குக் கேட்டது.
அதுவரை நான் என்னைத் தவிர
வேறு யாரையும் கேட்டிருக்கவில்லை.

திங்கள் காலை ஏழு மணி,
வெறும் வயிற்று வரிசை.
மூன்றாம் டோக்கன் செவ்வாய்ப்பேட்டை,
கொலுசு பற்றவைக்கிறவராம்.
நீட்டிய விரலில் ஊசி இறங்கவில்லை,
தோல் அவ்வளவு கெட்டி.
"இப்படி ஆக எவ்வளவு நாள் ஆச்சு?" என்று கேட்டேன்.
"எதுக்கும்மா?"
"சும்மாதான்" என்று
அடுத்த விரலைப் பிடித்தேன்.